இடப்பெயர்ச்சி

கட்டுநாயக்காவிலிருந்து கிறைஸ்ட்சேர்ச்
பத்தாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீற்றர்.
நிற்காமல் பறந்தால் பதின்மூன்றரை மணித்தியாலம்
என்கிறது போன்.
நிற்காமல் பறக்கிற பிளேன் எதுவும் இல்லையென்று
கீழே சின்ன எழுத்தில் சொல்கிறது.

ஏஜென்சிக்குக் கட்டியது பதினைந்து லட்சம்.
பிரித்துப் பார்த்தேன்.
கிலோமீற்றருக்கு நூற்று நாற்பது ரூபா.
பஸாருக்கு ஓடுகிற ஓட்டோ
இதைவிடக் குறையத்தான் கேட்கும்.

பொத்துவிலிலிருந்து கட்டுநாயக்காவுக்கு எவ்வளவு என்று
போனிடம் நான் கேட்கவில்லை.
அது வேன்கார அலியாருக்குத் தெரியும்.
லுஹர் தொழுததும் எடுத்தார்கள்.
லகுகலையில் ஒரு கொம்பன் நடு றோட்டில் நின்று
நாற்பது நிமிடம் யோசித்ததாம்.
மொனராகலையில் பிளேன்டீ,
வெல்லவாயவில் டயருக்குக் காற்று.
மேற்கே, மேற்கே என்று ஒன்பது மணித்தியாலம்,
கிழக்கே போகிற மனிதர்.

விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான்.
திசை பிழைத்தால் பொறுக்காது.
அட்லஸை விரித்து அடிமட்டம் வைத்தேன்.
கட்டுநாயக்காவில் ஒரு புள்ளி,
பிளேன் மாறுகிற சிங்கப்பூரில் ஒரு புள்ளி.
கோடு இழுத்தால்
அது நாட்டை விட்டுக் கடலில் இறங்குகிற இடம்
பாணமைக்கும் எங்களுக்கும் நடுவில்,
பென்சில் மொத்தத்துக்குள்.

உடனே எடுத்தேன்.
"மச்சான், இடப்பக்கச் சன்னல் கேளுங்க.
கெளம்பி இருபத்திமூணாவது நிமிசம் கீழ பாருங்க.
நானும் மகளும் டோர்ச் அடிக்கிறம்."
வேனுக்குள் யாரோ சிரித்தது கேட்டது.

ஜூலை. அறுகம்பேயில் சீசன்.
கரை முழுக்க ஹோட்டல்களின் மஞ்சள் பல்ப்.
கிறைஸ்ட்சேர்ச்சிலிருந்தே வந்த ஒருத்தி
அலைப்பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு
போன கிழமை சொன்னாள்,
இங்கே வர இரண்டு நாள் பிடித்ததாம்,
இன்னும் இரண்டு நாள் பிடித்தாலும் வருவாளாம்.
அவள் அலைக்கு வந்தாள்.
இவர் எண்ணூறு மாட்டுக்குப் போகிறார், பால் கறக்க.
வீட்டில் நாலு எருமை நின்ற காலத்தில்
தயிர்ச்சட்டிக்குக் கிட்டவும் வராதவர்.

ஒன்று பதின்மூன்று.
நுஸ்கா என் தோளில் தூங்கிப்போயிருந்தாள்.
தெற்கால, மீன்வாடிக்கு மேலே ஒரு சிவப்பு.
சிவப்பு விளக்கு இடது செட்டையில்தான் இருக்கும்,
வாசித்திருக்கிறேன்.
அப்படியென்றால் சரியான பக்கம்தான்
எங்களைப் பார்த்துக்கொண்டு போகிறது.
டோர்ச்சை நேரே பிடித்தேன். அசைக்கவில்லை.
வெளிச்சம் போய் முடிந்த பிறகு
சத்தம் வந்தது, தனியாக.

விடிய, சிங்கப்பூரிலிருந்து எடுத்தார்.
"கண்டன் புள்ள.
ஒரு லைட்டு அணஞ்சு அணஞ்சு எரிஞ்சிச்சு."
நான் அணைத்து அணைத்து எரிக்கவில்லை.
எந்த சீட்டுக் கிடைத்தது என்று கேட்கவுமில்லை.
"ஓம்," என்றேன். "அது நாங்கதான்."

இனி எங்களுக்கு நடுவில் ஆறரை மணித்தியாலம்.
நான் மகளுக்குப் பாய் விரிக்கும்போது
அவர் மாட்டுக்கு எழும்பியிருப்பார்,
அடுத்த நாளுக்குள்.
நாளைக்கு என்கிற சொல்லை
இனிக் கவனமாகத்தான் பாவிக்க வேண்டும்.

முதலாம் பாடம் பத்தாம் தரத்துக்கு.
கரும்பலகையில் எழுதினேன்:
ஒருவர் பகல் பன்னிரண்டே முக்காலுக்குப்
பொத்துவிலிலிருந்து புறப்படுகிறார்.
இரவு ஒன்றேகாலுக்குப்
பொத்துவிலுக்கு மேலே இருக்கிறார்.
அவரது இடப்பெயர்ச்சி யாது?

"பூச்சியம்!" என்றது வகுப்பு.
சரி போடத் திரும்பினேன்.
பின் வாங்கில் சிப்ரான் மட்டும் கையை இறக்கவில்லை.
"மேல எண்டா, எவ்வளவு மேல டீச்சர்?"

முப்பத்தோராயிரம் அடி.
ஒன்பதரைக் கிலோமீற்றர்.
கிட்டத்தட்ட, கோமாரிக்குப் போகிற தூரம்.
கலியாணச் சோற்றுக்குச் சைக்கிளில் போய்
அஸருக்கு முதல்
திரும்பி வந்துவிடுவோம்.